பிறபொருளெதிரியும் அதன் கட்டுப்பாடும்: நாயின் உடலிலிருந்து ஒரு பாடம்



நிர்ப்பீடனம் பற்றிய வினா வந்தால் பலர் ஒரே வசனத்தை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். "நோய்க்கிருமி உடலினுள் புகும்போது பிறபொருளெதிரி உருவாகி அதனை அழிக்கும்" என்பதே அந்த வசனம். இது பிழையன்று, ஆனால் விடையின் அரைவாசி மட்டுமே. பிறபொருளெதிரி எப்போது உருவாகும்? எவ்வளவு உருவாகும்? வேலை முடிந்த பின் அதனை நிறுத்துவது யார்? சொந்த உடலையே அது தாக்காமல் இருப்பது எப்படி? இந்த நான்கு வினாக்களுக்கும் விடை தெரிந்தவரே இப்பகுதியை முழுமையாக விளங்கிக்கொண்டவர் ஆவார்.

இவற்றை விளக்குவதற்கு நாம் நாயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வாசலில் நாய் படுத்திருப்பதை நீங்கள் தினமும் காண்கிறீர்கள். மற்றது, அந்த நாயின் குருதியில் உள்ள பிறபொருளெதிரிதான் அதே லயத்தில் விளையாடும் பிள்ளைகளின் உயிரையும் காக்கிறது. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. சொற்களை முதலில் விளங்கிக்கொள்வோம்

நிர்ப்பீடனம்: 'நிர்' என்றால் இல்லாத. 'பீடனம்' என்றால் துன்பம். பீடை என்ற சொல்லும் இதன் உறவே. எனவே நோய்த் துன்பம் அணுகாத நிலை நிர்ப்பீடனம் எனப்படும்.

உடலெதிரியாக்கி: உடலினுள் புகுந்து, தனக்கு எதிரான பொருளை உடல் ஆக்கும்படி தூண்டும் அந்நியப் பொருள். வைரசின் மேற்பரப்பிலுள்ள புரதம் இதற்கு நல்ல உதாரணம். சில நூல்களில் இது பிறபொருளெதிரியாக்கி எனவும் எழுதப்பட்டிருக்கும்.

பிறபொருளெதிரி: பிற பொருளுக்கு எதிராக உடல் ஆக்கும் புரதம். இது ஆங்கில 'வை' எழுத்தின் வடிவம் கொண்டது. அதன் இரு கவர்களின் நுனிகளும் குறித்த ஓர் உடலெதிரியாக்கியுடன் மட்டுமே பொருந்தும். பூட்டுக்குத் திறப்பு பொருந்துவது போன்றது இது.

ஒழுங்காக்கம்: ஒரு செயலை வேண்டியபோது தொடக்கி, வேண்டிய அளவில் வைத்து, வேண்டாதபோது நிறுத்துதல்.

2. பிறபொருளெதிரி உருவாகும் விதம்

நாயினதும் மனிதனதும் உடலில் இது ஏறக்குறைய ஒரே விதமாகவே நடைபெறுகின்றது. பிறபொருளெதிரியை ஆக்குபவை பி நிணநீர்க்குழியங்கள். உடலில் பல கோடி பி நிணநீர்க்குழியங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு வகைப் பிறபொருளெதிரியை மட்டுமே ஆக்கவல்லது.

தோட்டத்தின் காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து எடுப்பவர், கவ்வாத்து வெட்டுபவர், மருந்து அடிப்பவர் என ஒவ்வொரு வேலைக்கும் பழகிய ஆட்கள் இருக்கின்றனர். கவ்வாத்து வேலை வந்தால் கத்தி பிடிக்கத் தெரிந்தவர்களின் பெயரே கூப்பிடப்படும். அவ்வாறே ஒரு வைரசு புகுந்தால், அதன் புரதத்துடன் பொருந்தும் பி நிணநீர்க்குழியங்கள் மட்டும் தெரிவு செய்யப்படும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெரட்டில் கூப்பிட்ட ஆள் ஒருவராகவே இருப்பார். உடலிலோ தெரிவான கலம் பிரிந்து பிரிந்து ஆயிரக்கணக்கில் பெருகும்.

பெருகியவற்றுட் பெரும்பாலானவை பிறபொருளெதிரியை வெளிவிடும். வேலை முடிந்ததும் அவற்றில் மிகுதியானவை இறந்துவிடும். சில மட்டும் ஞாபகக் கலங்களாக நிலைத்திருக்கும். அதே வைரசு மறுபடி வந்தால், ஞாபகக் கலங்கள் விரைவாகவும் அதிகமாகவும் பிறபொருளெதிரியை ஆக்கும். தடுப்பூசியின் அடிப்படை இதுவேயாகும்.

நாயின் குருதியிலும் சுரப்புகளிலும் காணப்படும் முக்கியமான பிறபொருளெதிரிகள் நான்கு:

அ. ஐ.ஜி.எம். – புதிய கிருமிக்கு எதிராக முதலில் உருவாவது.
ஆ. ஐ.ஜி.ஜி. – பின்னர் உருவாவது. குருதியில் அதிக அளவில் உள்ளது. நீண்ட காலம் நிற்பது.
இ. ஐ.ஜி.ஏ. – உமிழ்நீர், குடல், மூச்சுப்பாதை, பால் ஆகியவற்றில் காவல் நிற்பது.
ஈ. ஐ.ஜி.ஈ. – குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளுக்கு எதிராகச் செயற்படுவது. ஒவ்வாமைக்கும் இதுவே காரணம்.

3. தாயின் பிறபொருளெதிரி: பாதுகாப்பும் தடையும்

மனிதக் குழந்தைக்குத் தாயின் ஐ.ஜி.ஜி. சூல்வித்தகத்தினூடாகக் கருவிலேயே கிடைத்துவிடுகின்றது. நாயின் சூல்வித்தகத்தின் அமைப்பு வேறானது. குட்டி பிறக்குமுன் ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதமே கிடைக்கின்றது. மீதி முழுவதும் பிறந்த பின், தாயின் முதற்பாலான சீம்பாலிலிருந்தே கிடைக்க வேண்டும். குட்டியின் குடல் அந்தப் பெரிய புரதத்தை அப்படியே குருதிக்குள் விடுவது ஏறக்குறைய முதல் 24 மணித்தியாலங்களுக்கு மட்டுமே. அதன் பின் அந்த வழி மூடிவிடும். பிறந்த அன்றே தாயிடமிருந்து பிரித்து, பையில் போட்டு வீதியோரத்தில் விடப்படும் குட்டி ஏன் பெரும்பாலும் பிழைப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரியைக் குட்டி தானே ஆக்கவில்லை. ஆகவே இது உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம் ஆகும். ஆக்கும் கலம் குட்டியிடம் இல்லாததால் அளவு நாளுக்கு நாள் குறையும். ஏறக்குறைய 10 நாட்களுக்கு ஒரு முறை அது அரைவாசியாகின்றது.

இப்போது ஒரு கணக்குச் செய்வோம். கணக்குக்காக எடுத்த எண்கள் இவை. ஒரு குட்டியின் குருதியில் பார்வோ வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரியின் அளவு பிறந்தவுடன் 640 எனக் கொள்க. நோயைத் தடுக்க 80 தேவை எனவும், 20இலும் குறைந்தால் மட்டுமே தடுப்பூசி வேலை செய்யும் எனவும் கொள்க.

பிறந்தவுடன் – 640
10ஆம் நாள் – 320
20ஆம் நாள் – 160
30ஆம் நாள் – 80
40ஆம் நாள் – 40
50ஆம் நாள் – 20
60ஆம் நாள் – 10

30ஆம் நாளுக்குப் பின் நோயைத் தடுக்கும் அளவு இல்லை. ஆனால் 50ஆம் நாள் வரை தடுப்பூசியும் பயன் தராது. இடைப்பட்ட ஏறக்குறைய 20 நாட்களும் குட்டிக்கு ஆபத்தான இடைவெளி ஆகும். இந்நாட்களில் வைரசை வெல்ல அந்தப் பிறபொருளெதிரி போதாது. தடுப்பூசியை மறிக்க மட்டும் போதும்.

அதே ஈற்றிலே பிறந்த இன்னொரு குட்டி பால் குறைவாகக் குடித்து 160இல் தொடங்கினால், அதன் இடைவெளி 10ஆம் நாளிலேயே தொடங்கிவிடும். எந்தக் குட்டிக்கு எந்த நாள் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இதனாலேயே பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்கான தடுப்பூசியை ஒரு முறை போட்டுவிட்டு நிறுத்துவதில்லை. 6 முதல் 8 வாரங்களில் தொடங்கி, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒரு முறை, குட்டிக்கு 16 வாரமாகும் வரை திரும்பத் திரும்பப் போடுகின்றனர். "ஊசி போட்டும் குட்டி செத்துப்போச்சு" என்று சொல்பவர்களைக் கேட்டிருப்பீர்கள். ஊசி கெட்டது என்பதல்ல பெரும்பாலும் காரணம். ஊசி ஒன்றோடு நின்றதே காரணம்.

4. பிறபொருளெதிரியே பிறபொருளெதிரியைக் கட்டுப்படுத்தல்

தாயின் பிறபொருளெதிரி தடுப்பூசியை ஏன் தடுக்கின்றது? இரண்டு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, தடுப்பூசியிலுள்ள உடலெதிரியாக்கியின் மேல் அது போய் ஒட்டி மூடிவிடுகின்றது. குட்டியின் சொந்தப் பி நிணநீர்க்குழியத்தின் கண்ணுக்கு எதிரி படுவதில்லை.

இரண்டாவது, பி நிணநீர்க்குழியத்தின் மேற்பரப்பில் ஐ.ஜி.ஜி.யின் வாலைப் பற்றும் ஒரு வாங்கி உள்ளது. ஏற்கெனவே ஐ.ஜி.ஜி. ஒட்டிய உடலெதிரியாக்கி வந்து சேரும்போது அந்த வாங்கி 'நிறுத்து' என்ற செய்தியைக் கலத்துக்குள் அனுப்புகின்றது. போதிய அளவு இருக்கின்றது, இனி ஆக்கத் தேவையில்லை என்பது இதன் பொருள். சாதாரண நிலையில் இது நன்மையான ஏற்பாடு. இல்லாவிட்டால் ஒரு முறை தொடங்கிய உற்பத்தி நிற்காமல் போகலாம்.

இதே தத்துவத்தை மனிதரில் வைத்தியர்கள் பயன்படுத்துகின்றனர். ஆர்.எச். மறையான தாய்க்கு ஆர்.எச். நேரான குழந்தை பிறந்தால், 72 மணித்தியாலங்களுக்குள் தாய்க்கு ஆர்.எச். காரணிக்கு எதிரான பிறபொருளெதிரி ஊசியாக ஏற்றப்படும். வெளியிலிருந்து வந்த அது, தாயின் உடல் சொந்தமாக அதே பிறபொருளெதிரியை ஆக்காமல் தடுத்துவிடுகின்றது. அடுத்த குழந்தை தப்பிக்கின்றது. குட்டியில் தடையாக இருந்த அதே செயல் இங்கே சிகிச்சையாகின்றது.

இதனை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஜேர்னே என்ற விஞ்ஞானி. 1974ஆம் ஆண்டில் அவர் 'வலையமைப்புக் கொள்கை'யை வெளியிட்டார். ஒரு பிறபொருளெதிரியின் நுனியும் ஒரு புரத வடிவமே. உடலுக்கு அதுவும் புதியது. எனவே அந்த நுனிக்கு எதிராக இரண்டாவது பிறபொருளெதிரி உருவாகலாம். அதற்கு எதிராக மூன்றாவது உருவாகலாம். இவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துச் சமநிலையில் வைத்திருக்கின்றன என்பது அவரது கருத்து. நிர்ப்பீடனத் தொகுதி பற்றிய கொள்கைகளுக்காக 1984ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜோர்ஜ் கோலர், சேசர் மில்ஸ்டைன் ஆகியோரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பிறபொருளெதிரிக்கு எதிரான பிறபொருளெதிரி உண்மையிலேயே உருவாகின்றது என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆனால் கட்டுப்பாடு முழுவதையும் அந்த வலையே செய்கின்றது என்று இன்று எவரும் கூறுவதில்லை. முக்கியமான கடிவாளம் கலங்களின் கையில் உள்ளது.

5. 'போதும்' என்று சொல்லும் கலங்கள்

ரீ நிணநீர்க்குழியங்களுள் ஒரு பகுதியினர் தாக்குவதற்காக அன்றித் தடுப்பதற்காகவே உள்ளனர். இவை ஒழுங்காக்கும் ரீ கலங்கள் எனப்படும். யப்பானைச் சேர்ந்த ஷிமொன் சகாகுச்சி 1995இல் எலிகளில் இவற்றை இனங்காட்டினார். இக்கலங்களின் வேலைக்கு அவசியமான பரம்பரையலகை மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய அமெரிக்கர்கள் 2001இல் கண்டறிந்தனர். மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாயின் குருதியிலும் இதே கலங்கள் காணப்படுகின்றன.

இக்கட்டுப்பாடு தவறினால் நேர்வது என்ன? மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

(அ) சொந்தச் செங்குழியங்களைத் தாக்குதல்: சில நாய்களில் பிறபொருளெதிரி தமது சொந்தச் செங்குழியங்களின் மேலேயே ஒட்டுகின்றது. மண்ணீரலிலுள்ள தின்குழியங்கள் அவற்றை அந்நியமென எண்ணி விழுங்குகின்றன. நாயின் முரசு வெளிறும். சிறுநீர் கடும் நிறமாகும். நாய் எழும்ப மாட்டாது. கொக்கர் ஸ்பானியல் இன நாய்களில் இது அதிகம். நிர்ப்பீடனத்தை அடக்கும் ஸ்டெரொயிட் மருந்தே இதற்கு முக்கிய சிகிச்சை. அதாவது இங்கே நோயைக் குணப்படுத்துவதற்கு நிர்ப்பீடனத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும்!

(ஆ) தேவையில்லாததைத் தாக்குதல்: தெள்ளின் உமிழ்நீர், தூசு போன்றவற்றுக்கு எதிராக ஐ.ஜி.ஈ. அளவுக்கு மீறி உருவாகின்றது. மனிதரில் இது பெரும்பாலும் தும்மலாகவும் இழுப்பாகவும் தெரியும். நாயில் தோலில் தெரியும். பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். காதையும் வயிற்றையும் சொறியும். சொறி நாய் என்று கல்லால் எறியப்படும் நாய்களுள் சிலவற்றுக்கு இருப்பது தொற்று நோயல்ல, ஒவ்வாமையே.

(இ) தடுப்பூசியே தூண்டிய தவறு: விசர்நாய்க்கடிக்கு எதிராக டேவிட் செம்பிள் என்பவர் 1911இல் இந்தியாவின் கசௌலியில் ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கினார். செம்மறியாடு போன்ற விலங்கின் மூளையில் வைரசை வளர்த்து, செயலிழக்கச் செய்து தயாரித்த மருந்து அது. நம்மைப் போலத் தேயிலை மலைகளுக்கு நடுவே, நீலகிரியின் குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனமும் மூளை இழையத்திலிருந்து பெறும் மருந்தை நீண்டகாலம் தயாரித்தது. அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் அதில் வைரசோடு ஆட்டின் நரம்பு இழையமும் கலந்திருந்தது. ஆட்டின் நரம்பு உறையும் மனிதனின் நரம்பு உறையும் ஒத்தவை. எனவே மருந்து ஏற்றியவர்களுள் ஒரு சிலரில் நிர்ப்பீடனம் வைரசை விட்டுவிட்டுச் சொந்த நரம்புகளையே தாக்கியது. சிலர் வாதத்துக்கு ஆளாகினர். இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியில் இம்மருந்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இன்று பயன்படுவது கல வளர்ப்பில் தயாரிக்கும் மருந்து. அதில் மூளை இழையம் இல்லை.

கவனிக்க: தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்தப் பழைய மருந்தைப் பற்றியது. இன்று ஊசி வயிற்றில் போடப்படுவதில்லை, கையில் போடப்படுகின்றது. அந்தப் பயத்தால் வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பவருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

6. விசர்நாய்க்கடி: நேரத்துடன் ஓடும் போட்டி

விசர்நாய்க்கடி நோயை நீர்வெறுப்பு நோய் எனவும் அழைப்பர். கடித்த நாயின் உமிழ்நீரிலுள்ள வைரசு தசையினுள் புகுந்து, நரம்பு வழியே மூளையை நோக்கி ஏறுகின்றது. நரம்பினுள் இருக்கும்போது நிர்ப்பீடனக் கலங்களின் கண்ணில் அது படுவதில்லை. எனவே உடல் தானாகப் பிறபொருளெதிரியை ஆக்கும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து பிழைப்பவர் ஏறக்குறைய எவரும் இல்லை. ஆனால் கடித்ததற்கும் அறிகுறிக்கும் இடையே பொதுவாக 2 அல்லது 3 மாதங்கள் உள்ளன. சிலரில் ஒரு வாரத்திலும் வரலாம். நமது வாய்ப்பு முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றது.

லூயி பாஸ்டர் இதனையே பயன்படுத்தினார். 1885 யூலை 6ஆம் திகதி, விசர்நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு அவர் தடுப்பு மருந்தை ஏற்றத் தொடங்கினார். சிறுவன் பிழைத்தான். பாஸ்டர் மறைந்த செப்டெம்பர் 28ஆம் திகதியே உலக விசர்நாய்க்கடி நோய்த் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது.

இன்றைய சிகிச்சையில் மூன்று படிகள் உள்ளன:

(1) காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல். இது வைரசின் எண்ணிக்கையை நேரடியாகக் குறைக்கின்றது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மண்ணெண்ணெய் எதனையும் காயத்தில் இடக் கூடாது.

(2) தடுப்பூசி. இது உடலைத் தானே பிறபொருளெதிரி ஆக்கத் தூண்டும். எனவே உயிர்ப்பான நிர்ப்பீடனம். ஆனால் போதிய அளவு உருவாக ஏறக்குறைய 7 முதல் 14 நாட்கள் செல்லும்.

(3) கடுமையான கடியாயின், ஆயத்தமாக உள்ள பிறபொருளெதிரியைக் காயத்தைச் சுற்றி ஏற்றுதல். குதிரையின் அல்லது மனிதனின் குருதியிலிருந்து இது பெறப்படுகின்றது. இது உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை இது காவல் நிற்கும்.

ஒரே நாளில் இருவகை நிர்ப்பீடனமும் ஒரே ஆளுக்குக் கொடுக்கப்படுவதைக் கவனியுங்கள். இனி 4ஆம் பகுதியை நினைவுபடுத்துங்கள். வெளியிலிருந்து கொடுக்கும் பிறபொருளெதிரி அளவுக்கு மிஞ்சினால் என்ன நடக்கும்? நாய்க்குட்டியில் நடந்ததே இங்கும் நடக்கலாம். தடுப்பூசியின் பயன் குறையலாம். ஆகவே அதற்கு உச்ச அளவு உண்டு. குதிரையிலிருந்து பெற்றதாயின் உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு 40 சர்வதேச அலகு. மனிதனிலிருந்து பெற்றதாயின் 20 சர்வதேச அலகு. 35 கிலோகிராம் நிறையுள்ள மாணவனுக்குக் குதிரையிலிருந்து பெற்றதை ஏற்றுவதாயின் உச்ச அளவு 35 x 40 = 1400 அலகு ஆகும். ஒழுங்காக்கம் என்பது புத்தகத்திலுள்ள சொல் மட்டுமன்று. சிகிச்சையின் அளவையும் அதுவே தீர்மானிக்கின்றது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாயைச் சீண்டியதற்கு ஏச்சு விழும் என்று பயந்து கடியை மறைப்பவர் உண்டு. குட்டிதானே, கீறல்தானே என்று விடுபவர் உண்டு. டவுனுக்கு இறங்க ஒரு நாள் பெயர் போகும் என்று ஞாயிற்றுக்கிழமை வரை பிந்துபவர் உண்டு. வைரசு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதில்லை. கழுவியவுடன் அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே இச்சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. நாய்க்கு ஊசி போட்ட அட்டை இருந்தால் அதையும் கொண்டு செல்லுங்கள். நாயைக் கட்டி வைத்துக் கவனிப்பதா, ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியரே. தம்பி தங்கையின் காலில் பற்குறி கண்டால் நீங்களே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். ஏச்சு ஒரு நாளோடு போகும்.

7. ஒரு நாயின் நிர்ப்பீடனமும் ஒரு தோட்டத்தின் நிர்ப்பீடனமும்

தடுப்பூசி ஏற்றிய நாயின் குருதியில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாத பிறபொருளெதிரி இருந்தால் அது போதியதெனச் சர்வதேச அளவில் கொள்ளப்படுகின்றது. ஆனால் ஒரு நாய்க்கு மட்டும் இருந்து பயனில்லை. ஒரு பிரதேசத்து நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி ஏற்றினால் வைரசு ஒரு நாயிலிருந்து மற்றதற்குப் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

இதற்கும் ஒரு கணக்கு. ஒரு டிவிசனில் 40 நாய்கள். அவற்றுள் 28க்கு ஊசி போடப்பட்டது.

28 ÷ 40 x 100 = 70 சதவீதம்.

ஓர் ஆண்டில் ஊசி போட்ட நாய்களுள் 10 இறந்தன. சிறுத்தை பிடித்தவையும் அதில் அடங்கும். 10 புதிய குட்டிகள் சேர்ந்தன. மொத்தம் அதே 40. ஆனால் ஊசி போட்டவை 18 மட்டுமே.

18 ÷ 40 x 100 = 45 சதவீதம்.

எந்த நாயின் பிறபொருளெதிரியும் குறையாமலே, தோட்டத்தின் பாதுகாப்புக் குறைந்துவிட்டது. ஆண்டுதோறும் ஊசிக்காரர் வருவது இதற்காகவே. ஒவ்வொரு நாய்க்கும் அளவைத் தக்கவைப்பது ஒரு காரணம். புதிய குட்டிகளைச் சேர்ப்பது மற்றக் காரணம். மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிகளையும் இதில் விட்டுவிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பிள்ளைகள் மடியில் தூக்கி விளையாடுவது குட்டிகளைத்தானே!

இது வெறும் கணக்கல்ல என்பதற்கு நமது நாடே சான்று. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கான இலவசத் தடுப்பூசியும் கடியுண்டவர்களுக்கான சிகிச்சையும் பரவியதால் அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துகளாகக் குறைந்துள்ளது. நாய் மூலம் மனிதர் இறப்பதை 2030ஆம் ஆண்டுக்குள் பூச்சியமாக்குவதே உலகத்தின் இலக்கு. மிஞ்சியுள்ள அந்தச் சிலரும் பெரும்பாலும் பிந்திச் சென்றவர்களும் செல்லாமலே விட்டவர்களுமே.

8. பயிற்சி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

வினா 1: நாய்க்குட்டி தாயின் சீம்பாலிலிருந்து பெறும் நிர்ப்பீடனம் எவ்வகையினது? காரணம் தருக.
விடை: இயற்கையான, உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம். பிறபொருளெதிரி குட்டியின் உடலில் ஆக்கப்படவில்லை. தாயிடமிருந்து ஆயத்தமாகக் கிடைத்தது.

வினா 2: உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம் நீண்ட காலம் நிலைக்காதது ஏன்?
விடை: பிறபொருளெதிரியை ஆக்கும் கலங்களோ ஞாபகக் கலங்களோ உருவாகாமையால், பெற்ற புரதம் சிதைவடைய அளவு குறைந்து செல்லும்.

வினா 3: ஒரு குட்டியின் பிறபொருளெதிரி அளவு பிறந்தவுடன் 320. அது 10 நாட்களுக்கு ஒரு முறை அரைவாசியாகும் எனின் 20ஐ அடைவது எத்தனையாம் நாளில்?
விடை: 320, 160, 80, 40, 20. நான்கு முறை அரைவாசியாக வேண்டும். 4 x 10 = 40ஆம் நாள்.

வினா 4: விசர்நாய் கடித்தவருக்குத் தடுப்பூசியுடன் பிறபொருளெதிரியும் ஏற்றப்படுவது ஏன்?
விடை: தடுப்பூசியால் போதிய பிறபொருளெதிரி உருவாக நாட்கள் செல்லும். அதுவரை காயத்திலுள்ள வைரசு நரம்பினுள் புகாமல் தடுக்க ஆயத்தமான பிறபொருளெதிரி தேவை.

வினா 5: "பிறபொருளெதிரி எவ்வளவு அதிகமாக உள்ளதோ அவ்வளவு நல்லது." இக்கூற்று சரியா? இரு உதாரணங்களால் விளக்குக.
விடை: சரியன்று. (1) தாயின் பிறபொருளெதிரி மிகையாக உள்ள குட்டியில் தடுப்பூசி பயனளிக்காது. (2) சொந்தச் செங்குழியத்துக்கு எதிராகப் பிறபொருளெதிரி உருவானால் குருதிச்சோகை ஏற்படும். சரியான பொருளுக்கு எதிராக, சரியான நேரத்தில், சரியான அளவில் உருவாவதே நிர்ப்பீடனம்.

ஐந்தாவது வினாவின் கடைசி வசனத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இப்பகுதி முழுவதும் அதில் அடங்கிவிடும். வினாத்தாளில் நாய்க்குப் பதிலாக மாடோ மனிதனோ வந்தாலும் தத்துவம் மாறாது.

வீட்டு வேலையும் ஒன்று உண்டு. உங்கள் வாசலில் படுத்திருக்கும் நாயின் ஊசி அட்டையைத் தேடி எடுத்து, கடைசித் திகதியைப் பாருங்கள். ஓர் ஆண்டு கடந்திருந்தாலோ, அட்டையே இல்லாவிட்டாலோ, அடுத்த முறை ஊசிக்காரர் வரும் நாளை உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு லயத்திலுள்ள எல்லோருக்கும் அறிவியுங்கள்.